கரையோடு போதும்

கடலைப் பார்த்ததும் ஞானம்பாளுக்குப் பகீரென்றது.

நீலத்தைக் காணோம். கரையோரம் முழுக்கச் செம்மண்ணைக் கரைத்து ஊற்றியதுபோலக் கிடந்தது. அலையோடு வாழைச்சருகும் ஆகாயத்தாமரையும் புரண்டு புரண்டு வந்தன. கடலில் ஏது வாழையும் ஆகாயத்தாமரையும்?

மலையில் நாலைந்து நாளாக அடைமழை. பாபநாசம் அணையைத் திறந்துவிட்டிருந்தார்கள். இது தாமிரபரணித் தண்ணீர். புன்னைக்காயலில் கடலுக்குள் இறங்கி, திருச்செந்தூர் வரைக்கும் வந்து நிற்கிறது.

இவர் இதைப் பார்த்துவிடக் கூடாதே முருகா என்று மனசுக்குள் கும்பிட்டாள்.

இவர் என்றால் வீட்டுக்காரர் தாணுமாலையன். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, மணலைப் பார்த்தபடி முன்னால் நடந்துகொண்டிருந்தார்.

மகள் சித்ரலேகா போய் வருஷம் திரும்பிவிட்டது. நேற்றுத்தான் திதி கொடுத்தார்கள். இலையிலிருந்து எழுந்திருக்கும்போதே, "அவ இருந்த எடத்துல செத்த நேரம் இருந்துட்டு வருவமே" என்றார். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? விடிந்ததும் கட்டபொம்மன் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டார்கள்.

சித்ரலேகாவுக்குக் கடற்கரை என்றால் உயிர். காலேஜ் போகிற வயசிலும் லீவு விட்டால் போதும், திருச்செந்தூர் திருச்செந்தூர் என்று அப்பாவை அரித்தெடுத்துவிடுவாள். வந்தால் மணலை அளைவாள், நண்டு வளையில் விரலை விடுவாள், அவித்த கடலையைத் தின்று தோலை அப்பாவின் சட்டைப்பையில் போடுவாள்.

எல்லாம் காய்ந்த மணலில்தான். அலை ஒரு முழம் கூடுதலாக ஏறி வந்தால் போச்சு, அலறியடித்து எழுந்து ஓடுவாள். விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். முகம் வெளுத்து, உள்ளங்கை சில்லிட்டுப் போகும்.

"கடலு நல்லாத்தான் இருக்கு. அது அங்கன இருக்கட்டும், நான் இங்கன இருக்கேன்" என்பாள்.

அப்படிப்பட்ட பிள்ளையை மஞ்சள்காமாலை கொண்டுபோயிற்று.

அவர்கள் குடும்பத்தில் யார் போனாலும் அஸ்தியைச் செந்தூர்க் கடலில்தான் கரைப்பது. காடாற்றிய அன்றைக்கு ஞானம்பாளின் அண்ணன் சங்கரசுப்பிரமணியன் கார் பேசிக்கொண்டு வந்து நின்றார். தாணுமாலையன் கலயத்தை நெஞ்சோடு அணைத்தபடி அசையவே இல்லை.

"எம்பிள்ளையக் கடல்ல விடமாட்டேன் அத்தான். அது பயந்துரும்" என்று குழந்தை மாதிரி அழுதார்.

காரைக் குறுக்குத்துறைக்குத் திருப்பி, தாமிரபரணி ஆற்றில் கரைத்தார்கள். அதற்கப்புறம்தான் அவர் ஒரு வாய் கஞ்சி குடித்தார்.

ஆறு எங்கே போய்ச் சேரும் என்று ஒருத்தருக்காவது தோன்ற வேண்டாமா? ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்த மனுஷர்கள்! துக்கம் வந்தால் புத்தி இப்படியா மழுங்கும்? மழுங்கிப் போயிற்றே.

அடுத்த மாதம் மழை கொட்டியபோது ரேடியோவில் சொன்னார்கள், தாமிரபரணி வெள்ளம் வீணாகப் புன்னைக்காயலில் கடலில் கலக்கிறதென்று. குழம்புக் கரண்டியோடு ஓடிப்போய் ரேடியோவை அமர்த்தினாள் ஞானம்பாள். அவர் பேப்பருக்குள் முகத்தை வைத்திருந்தார். அப்பாடா, காதில் விழவில்லை.

அன்றிலிருந்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் திரிகிறாள். பிள்ளையை அது பயந்த இடத்துக்கே அனுப்பி வைத்துவிட்டோம் என்று தெரிந்தால் மனுஷன் தாங்குவாரா? தெரியாமலே போகட்டும். இந்தப் பாவத்தைச் சுமக்க ஒருத்தி போதும்.

"வெயிலு கண்ணக் கூசும். இந்தப் பக்கமாத் திரும்பி உக்காருங்க" என்றாள்.

அவரும் தட்டாமல் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கடலை விற்கிறவனைப் பார்த்து அவள் எழுந்து போனாள். பொட்டலத்தோடு திரும்பினால் மணலில் செருப்பு மட்டும் கிடந்தது.

தண்ணீருக்குள் நின்றார். வேட்டியைக்கூட மடித்துக் கட்டாமல், இடுப்பு வரைக்கும் அந்தச் செந்தண்ணீரில்.

ஐயோ, பார்த்துவிட்டாரே! கடலையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். பாதம் நனைகிற தூரத்துக்குப் போய், கூப்பிட வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அவர் பேசிக்கொண்டிருந்தார். அழுகிற பிள்ளையைத் தேற்றுகிற குரலில், பைய.

"பயப்படாத தாயி, அப்பா வந்துட்டேம்லா. ஒங்கம்மைகிட்ட மட்டும் சொல்லிராத. நீ ஆத்துலதான் இருக்கேன்னு நெனச்சிக்கிட்டிருக்கா. தெரிஞ்சா அவ தாங்கமாட்டா."

ஞானம்பாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சத்தம் காட்டாமல் பின்னுக்கே நடந்து, செருப்புக் கிடந்த இடத்தில் கடலைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்து, மூக்கைச் சிந்தி, முகத்தைச் சரிபண்ணிக்கொண்டாள்.

சொட்டச் சொட்ட அவர் வந்து சேர்ந்தார்.

"எங்க போயிட்டீங்க?"

"சும்மா, காலு நனைக்கலாம்னு போனேன்."

செம்மண் ஏறிப்போன வேட்டியை அவளுக்குப் பின்னால் நின்று பிழிந்தார்.

"தண்ணி நல்லாத் தெளிஞ்சி கெடக்கு, ஞானம்" என்றார்.

"அப்படியா" என்றாள் அவள்.