மதகடி இடம்

மதகடியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

பூங்கா வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே சவுரிமுத்துவின் கண்ணில் அது பட்டுவிட்டது. தலையில் துண்டு, முதுகு இந்தப் பக்கம். அந்த முதுகுக்குச் சொந்தக்காரன் யார் என்று விசாரிக்க வேண்டியதில்லை.

முனிரத்தினம்.

தாம்பரத்துக்குக் கிழக்கே அந்த ஏரிக்கரையில் ஊராட்சி பூங்கா அமைத்த புதிது. இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், கம்பத்து உச்சியில் செய்தி வாசிக்கும் ஒலிபெருக்கி. தூண்டில்காரர்களுக்கு அதெல்லாம் கணக்கில்லை. ஊஞ்சல் பக்கம் பிள்ளைகள் கல்லெறிவார்கள், மீன் நிற்காது. படித்துறையில் எந்நேரமும் சோப்பு நுரை. தெற்கு மூலையில் நிழலும் இல்லை, கெளுத்தியைத் தவிர வேறொன்றும் வராது.

விரால் வேண்டுமென்றால் ஒரே இடம்தான். பழைய மதகின் ஓரம், அல்லி இலை படர்ந்து, புங்கமர நிழல் விழுகிற அந்த நாலு முழம்.

முதலில் வந்து உட்கார்ந்தவனுக்கே இடம். எழுந்திரு என்று எவனும் எவனையும் கேட்கமாட்டான். யாரும் எழுதிவைக்காத சட்டம் அது.

அந்தோணியார் திருவிழா சமயத்தில் இதே இடத்துக்காக இருவருக்கும் பேச்சு முற்றியது. "ஏரிய இன்னா உங்க தாத்தாவா வெட்டினாரு?" என்று சவுரிமுத்து கேட்டுவிட்டான். முனிரத்தினத்தின் தாத்தா அந்த மதகைத் திறந்து மூடிய மனிதர். அன்றோடு இருவருக்கும் பேச்சில்லை.

இன்றைக்கு என்ன ஆனாலும் ஒரு விரால் வேண்டும் சவுரிமுத்துவுக்கு.

மனைவி ஞானம்மாளுக்கு டைபாய்டு விட்டு நாலு நாள் ஆகிறது. ஆனாலும் பாயை விட்டு எழவில்லை. கஞ்சி டம்ளரைக் கண்டாலே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். நேற்று மாலைதான், "விராலு கொழம்புன்னா ஒரு வாய் சாப்டுவேன்" என்றாள். மார்க்கெட்டில் விசாரித்தான். வரவில்லை என்றார்கள்.

விடிந்ததும் ஏரிக்கு வந்திருக்க வேண்டியவன். அவளுக்கு முகம் துடைத்துவிட்டு, இரண்டு வாய் கஞ்சி கெஞ்சிக் கொடுத்து, மாத்திரை விழுங்கவைத்துக் கிளம்ப ஒன்பதாகிவிட்டது.

"இன்னா சவுரி, உன் சீட்டு போச்சா?" என்று படித்துறையிலிருந்து சிட்டிபாபு சிரித்தான். "ஆறு மணிக்கே வந்து குந்திகினான்பா. நான் பக்கத்துல போனேன், இந்த எடத்துக்கு ஆளு கீது, நகருன்றான். ஏரியவே ரிசர்வ் பண்ணிட்டான் போல!"

சவுரிமுத்து தெற்கு மூலைக்குப் போய் வெயிலில் உட்கார்ந்தான். தூண்டிலைப் போட்டான். தண்ணீரைப் பார்க்காமல் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முனிரத்தினம் தவிட்டு உருண்டையை ஒவ்வொன்றாக எறிந்துகொண்டிருந்தான். ஆத்திரமில்லாமல், அளந்து, ஒரே இடத்தில். தவிட்டுக்குப் பொடிமீன் கூடும், பொடிமீனைத் தேடி விரால் வரும். கைதேர்ந்தவன்தான்.

எழுந்துபோய்க் கேட்டுவிடலாமா? ஞானம்மாளுக்காகக் கேட்டால்தான் என்ன குறைந்துவிடும்? இரண்டு முறை எழுந்தான். இரண்டு முறையும் உட்கார்ந்துவிட்டான்.

மாதாவே, அவனாக எழுந்துபோகட்டும் என்று வேண்டிக்கொண்டான். ஒருவனுடைய இடத்துக்காக மாதாவிடம் வேண்டுகிறோமே என்று உடனே வெட்கமாகவும் இருந்தது.

முனிரத்தினம் எழுந்தான். ஏரியில் கை கழுவினான். திரும்பியவன் சவுரிமுத்துவைப் பார்த்துவிட்டு நேராக அவனிடம் வந்தான்.

"எப்ப வந்த? அங்க போய் குந்துபா. தவுடு போட்டு வச்சிக்கீறேன். தங்கச்சி விராலு கேட்டுச்சாம், அதுக்குக் கஞ்சி குடுத்துட்டு நீ வரதுக்கு லேட்டாவும்னு எங்க வூட்ல சொல்லிச்சு."

"நீ... உன் தூண்டி எங்க?" என்று கேட்டான் சவுரிமுத்து.

"நல்லா கேட்ட போ! இன்னிக்குத் தூண்டியத் தொட்டா எம் பொண்டாட்டி தாயாரம்மா என்னை வூட்டுக்குள்ள வுடுவாளா?"

தலைத்துண்டை அவிழ்த்தான். நெற்றி நிறைய நாமம். மஞ்சள் பையிலிருந்து நாமம் போட்ட செம்பை எடுத்து, அதன் கழுத்தில் துளசியைச் சுற்றினான்.

புரட்டாசி சனிக்கிழமை. சவுரிமுத்து நினைத்தே பார்க்கவில்லை. வீடு வீடாக அரிசி வாங்கப் போகிறவன், அதற்கு முன் மூன்று மணி நேரம் இங்கே உட்கார்ந்திருக்கிறான்.

"மீனு மாட்டினா என் கண்ணுல காட்டாத, ஆமா" என்று சொல்லிவிட்டு, பூங்கா வாசலைத் தாண்டியதும் உரக்க, "கோவிந்தா!" என்றான்.

மதகடியில் தண்ணீர் பொடிமீனால் கொதித்துக்கொண்டிருந்தது. அரைமணிக்குள் முழங்கை நீள விரால் ஒன்று சவுரிமுத்துவின் பைக்குள் துள்ளியது.

வீட்டுக்கு வந்தபோது பாய் வெறுமையாகக் கிடந்தது.

ஞானம்மாள் வாசல் நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், மூச்சு வாங்க. மடியில் அரிசி அளக்கும் ஆழாக்கு. கையெல்லாம் அரிசித் தவிடு. சிலுவை மாட்டியிருக்கும் வீடு என்று எந்தப் புரட்டாசியிலும் அந்த வாசலில் செம்பு நின்றதில்லை.

"முனிரத்தினம் அண்ணன் வந்துச்சு. நீங்க இல்லன்னேன், உன் கையால ஒரு பிடி போடு தங்கச்சின்னுச்சு" என்றாள். "வாசல்ல வந்து நிக்கறவங்களுக்குப் படுத்துகினே எப்படிங்க போடறது?"