வெந்நீரில் போட்ட பை

உலகம் கவனிக்க வேண்டிய ஓர் அறிவிப்பு: ஓய்வுபெற்ற பொது மேலாளர் ஒருவர், தம் வாழ்நாளில் முதல்முறையாக, ஒரு கம்பளி நூலுருண்டையிடம் தோற்றுக்கொண்டிருந்தார்.

முன்பெல்லாம் வீட்டுக்கு வருகிறவர்கள் அலமாரியிலிருக்கும் அவருடைய கேடயங்களைப் பார்ப்பார்கள். இப்போது நேரே அவர் மனைவியின் பின்னல் கூடைக்குப் போனார்கள்.

"அண்ணி, இந்தக் கம்பளிப் பை நீங்களே பின்னினதா? அடேயப்பா!" என்றாள் அவருடைய தங்கை.

"இன்னும் முடியலைம்மா. நாளைக்கு வந்து எடுத்துக்கோ."

"அந்தக் கேடயம் எனக்கு எதுக்குக் கொடுத்தாங்கன்னா..." என்று ஆரம்பித்தார் அவர்.

"கொஞ்சம் நகருங்கண்ணே, வெளிச்சம் மறைக்குது."

அவருக்கு வயிறு எரிந்தது. மறுநாள் மனைவி கடைக்குப் போனதும், பையை நல்ல வெந்நீரில் அமுக்கி, சோப்புப் போட்டு, ஆத்திரம் தீரக் கசக்கினார். பை பாதியாகச் சுருங்கி, பின்னலே தெரியாமல் தடித்துப்போனது. மனம் குளிர்ந்தது.

மனைவி வந்து பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"என்னங்க, நீங்களா செஞ்சீங்க?"

"அது... அழுக்கா இருந்துச்சு."

"வெந்நீர்ல கசக்கினா கம்பளி இப்படிச் சுருங்கி இறுகும், பையும் உறுதியா நிக்கும்னுதாங்க பெரிசா பின்னியிருந்தேன். கசக்கக் கையில பலமில்லாம தள்ளிப்போட்டுட்டே இருந்தேன். உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

மாலையில் தங்கை பையைத் தடவிப் பார்த்து அசந்துபோனாள். "அண்ணே, உங்க கை பட்டதும்தான் இதுக்கு உயிரே வந்திருக்கு!"

"எல்லாம் அனுபவம்தான்" என்றார் பொது மேலாளர்.

இப்போது அக்கம்பக்கத்துப் பெண்களும் தாங்கள் பின்னிய பைகளைக் கொண்டுவந்து தருகிறார்கள். அவர் துவைத்துக் கொடுக்கிறார்.