குழாயில் ஒரு மேடு

"கத்தியைக் கீழ போடு, நெஃப்தாலி."

மரிசெல்லின் இரண்டு கையிலும் பிஞ்சோ. சுட்ட கறிக்குச்சியிலிருந்து மசாலா சொட்டி அவள் ஷூவில் விழுந்துகொண்டிருந்தது. அவள் கவனிக்கவில்லை.

அவளுடைய பழைய டொயோட்டாவின் பானெட் திறந்திருந்தது. உள்ளே தலையை விட்டிருந்த நெஃப்தாலி மெதுவாக நிமிர்ந்தான். ஒரு கையில் கத்தி. இன்னொரு கையில் ஒரு முழம் ரப்பர் குழாய், அப்போதுதான் அறுத்தது.

கொஞ்ச நேரத்தில் கார்ப் பந்தயத்தின் இறுதி ஓட்டம். அதில் மரிசெல்லுக்கு எதிரே நிற்க வேண்டியவன் இதே நெஃப்தாலிதான்.

பெற்ற தாயின் கைப்பையைக்கூடத் திறக்கலாம், அடுத்தவர் பானெட்டைத் திறக்கக் கூடாது. சலினாஸ் பந்தயக் களத்தில் அதுதான் சட்டம். கூட்டம் கூடிவிட்டது.

"எதை அறுத்த? வாயைத் திறந்து சொல்லு," என்று கத்தினாள் மரிசெல்.

நெஃப்தாலி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த அவள் புருஷன் அப்னரை மட்டும் பார்த்தான்.

அப்னரின் முகம் வெளுத்தது. பிறகு குரல் வந்தது. வந்தபோது பெரிதாகவே வந்தது.

"பார்த்தீங்களா எல்லாரும்? இவன் புத்தி தெரிஞ்சுதான் காலையிலேயே வண்டியைப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். அப்படியும் புகுந்துட்டான். பொறாமை, வேற என்ன?"

பொறாமைக்குக் காரணம் இருந்தது. அந்த வண்டிக்கு வேகம் கூட்டும் டர்போ போட்டது அப்னர். அதைக் குளிர்விக்கத் தண்ணீர் போய்வரும் குழாய்களை இன்ஜினுக்குப் பின்னால் வளைத்து, கண்ணில் படாமல் கொண்டுபோயிருந்தான். பானெட்டைத் திறந்தால் நகைக்கடை மாதிரி இருக்கும். ஒரே குறை, ஓடி நின்றதும் உள்ளே 'களக் களக்' என்று ஒரு சத்தம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கேட்டுவிட்டு, அடுத்த தெருவில் பட்டறை வைத்திருக்கும் நெஃப்தாலி சொன்னான்:

"அப்னர், தண்ணி திரும்பி வர்ற குழாய்ல நடுவுல மேடு இருக்கு. காத்து அங்க அடைச்சுக்குது. இன்ஜின் நின்னப்புறம் சூட்டுத் தண்ணி தானா மேல ஏறிப் போகணும். இப்படியே ஓட்டினா டர்போ வெந்துடும்."

"நீ போய் டயருக்குக் காத்தடி," என்றான் அப்னர், பத்துப் பேர் முன்னால். "புதுசுன்னா கொஞ்சம் முனகத்தான் செய்யும்."

இப்போது அதே பத்துப் பேரோடு இன்னும் ஐம்பது பேர் நின்றார்கள். களத்து நடுவர் தோன் சாகோ வந்துவிட்டார்.

"நெஃப்தாலி, காரணம் இருந்தா சொல்லுப்பா. இல்லேன்னா இன்னிக்கு மட்டுமில்ல, இந்த வருஷம் பூரா உன் வண்டி இங்க ஓடாது. அப்புறம் உன் பட்டறைக்கு எவன் வண்டியை விடுவான், யோசிச்சுக்கோ."

நெஃப்தாலி மறுபடி அப்னரைப் பார்த்தான். அப்னர் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"சொல்றதுக்கு ஒண்ணுமில்ல, தோன் சாகோ."

கத்தியை மடித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். போகிற போக்கில் அப்னரிடம், "திரும்ப மாட்டறப்போ நேரா மேல கொண்டு போ. மேடு வேண்டாம்," என்றான்.

"திமிரைப் பாரு," என்றாள் மரிசெல். அவளுக்கு அழுகை வந்தது. ஜெயிப்பதென்றால் அவனை ஜெயிக்க வேண்டும் என்று மூன்று வருடமாக ஓட்டுகிறவள்.

"அழாத. நான் சரி பண்ணிடறேன்," என்று அப்னர் உள்ளே குனிந்தான். குழாய் குட்டையாகிவிட்டதால் பின்பக்கம் வளைக்க வழியில்லை. நேராக மேலே ஏற்றி கிளிப்பை முறுக்கி, தண்ணீர் ஊற்றினான். இவ்வளவு சீக்கிரம் முடித்ததை அவள் பார்த்ததே இல்லை.

விலக்கப்பட்ட நெஃப்தாலியின் இடத்தில் வேறொருவரின் மஞ்சள் வண்டி நின்றது. மரிசெல் அதை அரை வண்டி நீளத்தில் ஜெயித்தாள். கூட்டம் ஹார்ன் அடித்துத் தீர்த்தது.

இன்ஜினை அணைத்துவிட்டு அவள் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

வரவில்லை. களக் இல்லை, முனகல் இல்லை. வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. உள்ளே பார்த்துவிடலாம் என்று பானெட்டைத் திறக்க, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த கொக்கியை இழுக்கப் போனாள்.

போன கை அங்கேயே நின்றது.

கோப்பையை வாங்கிக்கொண்டு நேராகப் புருஷனிடம் வந்தாள்.

"அப்னர், ஓட்டத்துக்கு முன்னாடி நீ பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டியே. இன்னிக்கு என்ன, களத்து வாசல்ல இருக்கற கடை பிஞ்சோதான் வேணும்னு என்னை அவ்வளவு தூரம் துரத்தின?"

"பசி... திடீர்னு..."

"இந்தா, கோப்பையைப் பிடி. தோன் சாகோகிட்ட கொடுத்து, இறுதி ஓட்டம் இன்னும் நடக்கலைன்னு சொல்லு. அப்புறம் நெஃப்தாலிகிட்ட போகலாம். நானும்தான் கத்தினேன், நானும் வரேன். ஆனா கத்தினப்போ யார் யார் இருந்தாங்களோ, அத்தனை பேரையும் கூப்பிட்டுக்கோ."

அப்னர் கோப்பையைப் பார்த்தான். ஷூ லேஸைப் பார்த்தான். அது கட்டித்தான் இருந்தது.

"அவன்... சொல்லிட்டானா?"

"அவன் எங்க சொன்னான்? பானெட்தான் சொல்லுச்சு. அதைத் திறக்கற கொக்கி வண்டிக்குள்ள இருக்கு. பூட்டின வண்டியோட சாவி உன் பாக்கெட்ல இருந்துச்சு."