ரெண்டு சைஸ் பெரிசு

"தலையை ஆட்டும்மா. முடியாது, முடியாதுன்னு சொல்ற மாதிரி ஆட்டு."

பட்டன் ஆட்டினாள். தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. ஹெல்மெட் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின்னாலேயே போனது.

"தலை ஒண்ணு சொல்லுது, ஹெல்மெட் ஒண்ணு சொல்லுது. கழட்டு" என்றார் மேசைக்காரர்.

கிரிக்கெட் மைதானத்து வாசலில் ஒரு மேசை. அதற்குப் பின்னால் அவர். கால் பேடு, கையுறை, ஹெல்மெட் எல்லாம் பார்த்து, பேடில் நீலச் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தால்தான் எந்தப் பெண்ணும் உள்ளே போக முடியும்.

பட்டனுக்குப் பதினோரு வயது. தையல்காரம்மாவின் மகள் என்பதாலும், ஆள் பட்டன் அளவே இருந்ததாலும் தோழிகள் வைத்த பெயர் அது. இப்போது அவள் கண் இரண்டும் குளமாகிவிட்டது.

தையல்காரம்மா முன்னால் வந்தாள். "ஐயா, இன்னிக்கு செலக்‌ஷன். பதினஞ்சு பேரை எடுக்கறாங்க. விட்டா அடுத்த வருஷம்தான். புது ஹெல்மெட்டுங்க, நேத்துதான் வாங்கினேன்!"

"புதுசுதான். ரெண்டு சைஸ் பெரிசு."

"வளர்ற பொண்ணாச்சே! இருபது வருஷமா தைக்கிறேன். வளர்ற பிள்ளைக்கு யாராவது அளவாத் தைப்பாங்களா? ரெண்டு இன்ச் உள்ளே மடிச்சு விட்டாத்தானே மூணு வருஷம் வரும்? உள்ளே பாருங்க, ஸ்பாஞ்ச் வச்சு நானே தைச்சிருக்கேன்."

அவர் ஹெல்மெட்டைக் கவிழ்த்துப் பார்த்தார். எறும்பு வரிசை போலப் பொடித் தையல். விரலால் தடவினார்.

"தையலைக் கண்ணுல ஒத்திக்கலாம். ஹெல்மெட் ஆகாது."

"மெத்துன்னுதானே இருக்கு?"

"மெத்துன்னு இருந்தா தலையணைக்கு நல்லதும்மா. பந்து வர்ற வேகத்துல ஸ்பாஞ்ச் அமுங்கிடும், ஹெல்மெட் சுத்திக்கும். பாவாடையில ரெண்டு இன்ச் கூடினா குழந்தை தடுக்கி விழும், அவ்வளவுதான். இது அப்படி இல்லை."

"ஒரு நாள், ஒரே ஒரு நாள்..."

"பந்துக்கு அது தெரியாதே."

இந்த மனுஷனிடம் வாய் கொடுத்து மீள முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவரே வழியும் சொன்னார். "பொதுப் பெட்டியில இவ தலைக்கு ஆகிறது ஒண்ணே ஒண்ணு இருக்கு. இப்ப இன்னொரு பொண்ணு போட்டு ஆடுது. இவளைக் கடைசியா ஆட விடுவாங்களான்னு கோச்சைக் கேளுங்க."

எல்லைக் கோட்டருகே கோச் நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கும். தையல்காரம்மா ஓடிப்போய், "மேடம்! மேடம்!" என்று மூன்று தரம் கூப்பிட்டாள். கோச் திரும்பக்கூட இல்லை.

மூச்சு வாங்க மேசைக்கே திரும்பி வந்தாள். "என்னங்க, இவ்வளவு திமிரா அந்தம்மாவுக்கு?"

அவர் நிமிரவில்லை. சாக்பீஸை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "அந்தப் பக்கம் நிக்காதீங்க. வலது பக்கமாப் போய்க் கூப்பிடுங்க" என்றார்.

போனாள். இந்தத் தடவை முதல் கூப்பாட்டுக்கே கோச் சிரித்த முகத்தோடு திரும்பினாள். எல்லாவற்றையும் கேட்டாள்.

"மேசையில என்ன சொன்னார்?"

"ஆகாதுன்னுட்டார்."

"அப்ப ஆகாது. போன வாரம் என் ஹெல்மெட் வார் பிஞ்சிருந்துச்சு. என்னையே வெளியில நிறுத்திட்டார். உங்க பொண்ணைக் கடைசியில போட்டுக்கறேன், போங்க."

பட்டன் கடைசியாகத்தான் ஆடினாள். ஆனால் என்ன ஆட்டம்! பேடு இடுப்பு வரைக்கும் வந்தது, மட்டை அவளைவிடக் கொஞ்சம்தான் குட்டை. அதை வைத்துக்கொண்டு மைதானத்தின் நாலு மூலைக்கும் பந்தை அனுப்பினாள்.

அப்போதுதான் அந்தப் பந்து எகிறியது. இடது காதோரம் 'டங்'கென்று ஒரு சத்தம்.

"ஐயோ, என் கண்ணு!"

தையல்காரம்மா போய்ச் சேருவதற்குள் கோச் அங்கே முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். "பேர் சொல்லு. என்ன கிழமை? இது எத்தனை விரல்?" பட்டன் எல்லாம் சரியாகச் சொன்னாள். ஹெல்மெட் ஒரு நூல்கூட நகரவில்லை. தோளில் கச்சிதமாக உட்கார்ந்த சட்டை மாதிரி அப்படியே இருந்தது.

"ஆடணும் மேடம்..."

"தலையில பட்டா அன்னிக்கு ஆட்டம் கிடையாது. டாக்டர் பார்க்கட்டும். அழாதே, பதினஞ்சுல நீ ஒருத்தி."

டாக்டர் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லை, ராத்திரி மட்டும் கவனிச்சுக்கோங்க" என்றார். தையல்காரம்மா மேசைக்கு வந்தாள். 

"நான் கொண்டுவந்த ஹெல்மெட்டா இருந்தா..." என்று புது ஹெல்மெட்டை மேசை மேல் வைத்தாள். "எப்படிங்க இவ்வளவு கறாரா இருக்கீங்க? ஒரு அம்மா அழுதா மனசு இளகாதா?"

"ஒருத்தன் இருந்தாம்மா. உங்களை மாதிரியேதான், வளர்ற பொண்ணுன்னு ரெண்டு சைஸ் பெரிசா வாங்கிக் கொடுத்தான். பந்து பட்டதும் ஹெல்மெட் சுத்திடுச்சு. பொண்ணுக்கு இடது காது போயிடுச்சு."

"அடப்பாவி! அந்த அப்பனை அந்தப் பொண்ணு மன்னிச்சுதா?"

"தெரியலைம்மா. வேலை கொடுத்திருக்கா."

அவர் பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குள் போனார். கோச்சின் இடது பக்கம் போகாமல் ஒரு சுற்றுச் சுற்றி, வலது பக்கமாக வந்து நின்று, "எல்லாருக்கும் முடிஞ்சுதும்மா" என்றார்.

"சரிப்பா" என்றாள் கோச்.