கெர்லாக் வைத்த மொச்சைக் கஞ்சி

"இது என்ன எலும்புன்னு நீங்களே பாருங்க, சாமி!"

மடத்தின் காலைக் கூட்டத்தில், எல்லாத் துறவிகளுக்கும் நடுவில், எவரெல்ம் அண்ணன் துணி மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார். அத்தனையும் கோழி எலும்பு.

"வெங்காயப் பாத்தியைக் கொத்தினேன். பொலபொலன்னு வருது!"

எங்கள் மடத்தில் நோயாளி தவிர யாரும் இறைச்சி தொடக்கூடாது. எவரெல்ம் அண்ணன் நோயில்கூடத் தொட்டதில்லை. போன குளிர்காலத்தில் சாகக் கிடந்தபோது, கோழிச்சாறு குடிக்கச் சொல்லி மடாதிபதியே கெஞ்சினார்.

"நாப்பது வருஷ விரதம், சாமி. இதுக்குச் செத்தே போறேன்" என்று வாயை இறுக்கிக்கொண்டார். வெறும் மொச்சைக் கஞ்சி குடித்தே பிழைத்து எழுந்தார்.

அன்றிலிருந்து ஷெல்ட் ஆற்றில் படகு படகாக ஜனங்கள் வந்து அவர் அங்கி நுனியைத் தொட்டுக் கும்பிட்டார்கள். உயிரோடிருக்கும் புனிதர் என்றார்கள்.

"புதைச்சது யாரு?" மடாதிபதி கேட்டார்.

சமையல் பார்க்கும் கெர்லாக் தரையில் குப்புற விழுந்தான். "தப்பு என்னுது, சாமி."

கூட்டத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் தன் பக்கத்து நியாயம் பேசக்கூடாது. கேட்டதற்கு மட்டும் பதில். அதுதான் எங்கள் வழக்கம்.

"நீ தின்னியா?"

"இல்லை, சாமி."

"பின்னே என்ன, எலும்பு மண்ணுல முளைச்சுதா?" எவரெல்ம் அண்ணன் பாய்ந்தார். "திருட்டு வயிறு!"

எல்லோரும் கெர்லாக்கைப் பார்த்தோம். அங்கிக்கு மேலேயே விலா எலும்பு தெரிந்தது. கோழி தின்ற உடம்பா அது?

"அப்போ யாருப்பா தின்னது?"

கெர்லாக் நெற்றியைத் தரையில் இன்னும் அழுத்திக்கொண்டான்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள பேரைச் சொல்லு. இல்லேன்னா மடத்தை விட்டுக் கிளம்பு."

பதினேழு வருஷம் எங்களோடு இருந்தவன். வெளியே அவனுக்கு ஒரு நாதி கிடையாது. அப்படியும் சொல்லவில்லை. எல்லோரும் மேசையில் சாப்பிட, அவன் தரையில் உட்கார்ந்து காய்ந்த ரொட்டியைக் கடித்தான். அடுப்படி வேலை என் தலையில் விழுந்தது.

சனிக்கிழமை மடாதிபதி அடுப்படிக்கு வந்திருந்தார். பின்னாலேயே சுவரைப் பிடித்தபடி எவரெல்ம் அண்ணன்.

"சாமி, இவன் வைக்கிறது கஞ்சியா, கழுநீரா? கெர்லாக் திருடன்தான், இல்லேங்கலை. ஆனா அவன் கஞ்சி ஒரு கிண்ணம் குடிச்சா நாள் முழுக்க நிப்பேன். இப்போ முழங்கால் நடுங்குது."

மடாதிபதி என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ என்ன போடறே?"

"மொச்சை, வெங்காயம், உப்பு. கெர்லாக் சொல்லிக் கொடுத்ததுதான், சாமி."

"வேற ஒண்ணும் இல்லையா?"

"இல்லை, சாமி."

மடாதிபதி அண்ணனின் நடுங்கும் காலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"போய்ப் படுங்க அண்ணே. நாளைக்குப் பழைய கஞ்சியே வரும்."

அண்ணன் போன பிறகு மடாதிபதியும் வெளியே போனார். கொல்லைப்பக்கம் ஒரே கொக்கரிப்பு. மடாதிபதி திரும்பி வந்தபோது மழித்த உச்சந்தலையில் ஓர் இறகு. அங்கிக்குள் கொழுத்த பெட்டைக்கோழி. கெர்லாக்கைக் கூப்பிட்டு அதை அவன் கையில் திணித்தார்.

"இந்தா, பிடி. இனிமேலாவது எலும்பை ஆழமாப் புதை."