அரை அங்குலம்

எமல்டாவின் புருஷனைப் புதைத்த நாற்பதாம் நாள் அவளை வீட்டைவிட்டு விரட்டிய ஓர்ப்படி பிளாரன்ஸ், எமல்டா பழுப்புக் காகிதத்தில் எல்லா உடம்புக்குமாக வரைந்து வைத்திருந்த ரவிக்கை அளவுகளைக்கூடக் கொடுக்கவில்லை. ஒன்பது வருஷம் கழித்து மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டவள், சேலையோடு வந்த ஒரே வெள்ளைப் பட்டுத் துண்டின்மேல் அவற்றில் மகளுக்குப் பொருந்தும் காகிதத்தை விரித்திருந்தாள்.

"எம் மவளுக்கு நானே தைக்கப்போறேன். கோட்டு மேலயே வெட்டிரலாம்லா?"

தையலுக்கு விடும் அரை அங்குலத்தை எமல்டா ஒருநாளும் வரைந்ததில்லை. வெட்டும்போது கண்ணளவாக விடுவாள். விடாமல் வெட்டினால் ரவிக்கை உடம்பில் ஏறாது.

துணியின் மறுமுனையைப் பிடித்திருந்த மணப்பெண் சிரித்தாள். "சித்தி, நீங்க வந்ததே எனக்குப் போதும்."

எமல்டா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. பட்டைச் சுருக்கமில்லாமல் நீவிவிட்டாள்.

"கோட்டு மேலயே வெட்டுங்கக்கா. கொஞ்சங்கூட விலகிராம."