நான்காவது துணி

பழைய துப்பாக்கி எண்ணெயில் நனைத்த துணிதான் முதலில் போனது.

நாத்தனார் அதை ஒரு நீண்ட குச்சியின் நுனியில் கட்டி, கூண்டுக் கம்பிக்கு ஒரு முழம் தள்ளியே பிடித்தாள். கரடி மூக்கைத் தூக்கியது. உதட்டைக் குவித்து நீட்டிக் காற்றை இழுத்தது.

ஓடவில்லை.

தீவன அறையின் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்து நின்ற டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஓடியிருக்க வேண்டுமே!

வீட்டில் அவர்கள் அண்ணியும் நாத்தனாரும். விலங்குக் காட்சிசாலைக்குள் வந்துவிட்டால் ஒருத்தி மருத்துவர், இன்னொருத்தி கரடிக்குத் தீனி வைப்பவள். கரடிக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் கிழவி.

கிழவிக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ். கன்னம் வீங்கி ஒரு கண்ணே இடுங்கிப் போயிருந்தது. தீனியை வாயில் வைக்கும், முனகிக்கொண்டே கீழே போடும். மயங்க வைத்தால்தான் பல்லில் கைவைக்க முடியும். மயக்க ஊசியைத் துப்பாக்கியால்தான் செலுத்த முடியும்.

ஆனால் டாக்டர் துப்பாக்கியோடு வரும்போதெல்லாம் கிழவி உள்ளறைக்குப் போய் மூலையில் ஒடுங்கிக்கொண்டது. அங்கே எந்தப் பக்கமிருந்தும் குறி வைக்க முடியாது. இன்னும் தள்ளிப்போட்டால் சீழ் தாடை எலும்புக்கு இறங்கிவிடும்.

எண்ணெய் வாசனைதான் காட்டிக்கொடுக்கிறது என்று டாக்டர் நினைத்தாள். எண்ணெயை மாற்றினால் போயிற்று.

அதிலும் ஒரு சிக்கல். அது வாயுவின் விசையில் சுடும் துப்பாக்கி. உள்ளே ரப்பர் வளையங்கள் இருக்கின்றன. கண்ட எண்ணெயையும் விட்டால் ரப்பர் உப்பிப்போகும், வாயு கசியும், ஊசி பாதி வழியில் விழும். துப்பாக்கிக்கும் ஒத்துவர வேண்டும், கரடியின் மூக்குக்கும் தெரியக் கூடாது. கடையில் கேட்டதற்கு, கரடிக்கு எது பிடிக்கும் என்று புட்டியில் போட்டிருக்க மாட்டார்கள் என்று சிரித்தார்கள்.

அதனால்தான் இந்தச் சோதனை.

இரண்டாவது துணியில் துப்பாக்கிக் குழாயின் அழுக்கைக் கரைக்கும் திரவம். மூடியைத் திறந்தாலே அளவுக்கு மீறிப் பழுத்த வாழைப்பழத்தின் வாடை அடிக்கும். கிழவி இரண்டு காலில் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டது. அதற்கு எச்சில் ஒழுகியது.

"விட்டா குடிச்சிடும் போலிருக்கு, அண்ணி!" நாத்தனாரின் குரல் வாக்கி டாக்கியில் சிரித்தது.

மூன்றாவது, சிலிக்கான் எண்ணெய். ரப்பருக்கு ஆகாதது எதுவும் அதில் இல்லை. வாசனை என்று சொல்லவும் ஒன்றுமில்லை. கிழவி ஒருமுறை மோந்துவிட்டுக் கொட்டாவி விட்டது.

அப்படியானால் எதைக் கண்டு பயந்தது?

டாக்டர் கண்ணாடியில் மூக்கு ஒட்டும்படி நெருங்கி நின்றாள். இன்னும் ஒரு துணி பாக்கி. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று அவளே கடைசி நேரத்தில் கொடுத்தது. எண்ணெயோ திரவமோ எதுவும் படாத வெறும் துணி.

குச்சி கம்பியை நோக்கி நீண்டதும் கிழவியின் முதுகு மயிர் சிலிர்த்தது. அடித்தொண்டையில் ஒரு சத்தம் எழுந்தது. அப்படியே பின்னால் நகர்ந்து, திரும்பி, உள்ளறைக்குள் புகுந்துவிட்டது.

நாத்தனார் குச்சியை இறக்கித் துணியை முகர்ந்து பார்த்தாள்.

"அண்ணி, இது உங்க கைக்குட்டைதானே?"

டாக்டர் வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனாள். "என்னோடதுதான்."

கிழவிக்கு நுரையீரலில் சளி கட்டியபோது விடிய விடியப் பக்கத்தில் இருந்தவள் அவள். பாதத்தில் தைத்த ஆணியை எடுத்தவள் அவள். அப்போதெல்லாம் கிழவி மயக்கத்தில் கிடந்தது. விழித்திருந்தபோது அதற்குத் தெரிந்தது ஒன்றுதான். இந்த வாசனை வந்தால் தொடையில் சுருக்கென்று குத்தும்.

சிறிது நேரம் கழித்து அவள் நாத்தனாரை உள்ளே கூப்பிட்டாள். துப்பாக்கியைத் தான் தொடவில்லை. எந்தத் திருகை எப்படிக் கழற்ற வேண்டும் என்று தள்ளி நின்று சொன்னாள். நாத்தனார் குழாயை மட்டும் வாழைப்பழத் திரவத்தால் துடைத்தாள். வளையங்களுக்குச் சிலிக்கான் எண்ணெயை விரல் நுனியில் தொட்டுத் தடவினாள்.

சுடுவதற்கும் அவள்தான். காகிதக் குறியில் சுட்டுப் பழகியிருக்கிறாள். உயிருள்ள எதையும் சுட்டதில்லை.

"நான் சுட்டா நாளைக்கு என் கையால சாப்பிடுமா, அண்ணி?"

"நீ சுடு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

கிழவி வெளியே வரும்வரை காத்திருந்தார்கள். வந்தது. குழாயில் ஒட்டியிருந்த பழ வாடையைத் தேடிக் கம்பியருகே நடந்து, ஒன்றும் கிடைக்காமல் திரும்பியபோது தொடை தெரிந்தது. நாத்தனார் சுட்டாள். ஊசி பதிந்தது.

கிழவி அலறிக்கொண்டு திரும்புவதற்குள் தீவன அறையின் கதவு திறந்தது. டாக்டர் ஓடிவந்து நாத்தனாரின் கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கி, அவளைப் பின்னால் தள்ளிவிட்டு, கம்பிக்கு நேரெதிரே போய் நின்றாள்.

"ஐயோ, உள்ள போங்க! உங்களையே பார்க்குது!"

"பார்க்கட்டும்."

கிழவியின் கால்கள் மெல்ல மடங்கின. கண் செருகும்வரை அது அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவளும் அசையாமல் நின்றாள்.

சீழ் வைத்த பல்லைப் பிடுங்கியாயிற்று. மறுநாள் காலையில் கிழவி முழுக் கிண்ணம் பழக்கூழையும் தின்றது, நாத்தனார் நீட்டிய கரண்டியிலிருந்து.